வாகை மரத்தடியில் நின்றுவிட்ட வாக்கு

சாலைக்கோட்டையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு வாகை மரம் உண்டு. அதன் அடியில் நான்கு மேசைகளும் நான்கு பத்திர எழுத்தர்களும் ஒரு டீக்கடையும் உண்டு. அங்கே மூன்றாவது மேசைக்கும் மரத்துக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்கிற அளவு இடத்தில், சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஒருவன் கொடுத்த வாக்கு, காற்றோடு போகாமல், கொடுத்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மூன்றாவது மேசை தெய்வசிகாமணியுடையது. இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் ஆதார் அட்டையைப் பார்த்துப் பேசுகிறவர். அன்று அவர் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சூசைமாணிக்கம். நகராட்சியில் முப்பத்திநாலு வருடம் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் வால்வு திறந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அடுத்தது அவர் மனைவி மரியபுஷ்பம். எட்டாவது வரை படித்தவள், எந்தக் காகிதத்தையும் விரலை ஓட்டி வாசிக்காமல் கீழே வைக்காதவள். மூன்றாவது அவர்களுடைய ஒரே மகன் ஜெயசீலன். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைக்க வங்கியில் கடன் கேட்டிருந்தான். வீடு அவன் பெயரில் இருந்தால் காரியம் சுலபமாக முடியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் சூசைமாணிக்கம் தான் கட்டிய வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்க வந்திருந்தார்.

மரியபுஷ்பம் விரலை ஓட்டிக்கொண்டே போய் மூன்றாம் பக்கத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"தம்பி, முந்தாநாள் வாசிச்சுக் காட்டினீங்களே, எங்க ரெண்டு பேரையும் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்துக்கணும்னு ஒரு வரி. அது எங்க?"

தெய்வசிகாமணி கீபோர்டைப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் ஜெயசீலன் போன் செய்து அந்த வரியை எடுக்கச் சொல்லியிருந்தான். அவரும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'எவ்வித நிபந்தனையுமின்றி' என்று அடித்திருந்தார். கொடுக்கிறவர் யாரோ அவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். கொடுக்கிறவர்களுக்கு அவர் ஒரு போன்கூடப் போடவில்லை.

"அம்மா, கண்டிஷன் போட்ட பத்திரத்தை பேங்க்ல தொட மாட்டாங்கம்மா. பத்திரம் சுத்தமா இருக்கணுமாம்" என்றான் ஜெயசீலன்.

"விடு புஷ்பம்" என்றார் சூசைமாணிக்கம். "பெத்த பிள்ளைகிட்ட எழுதி வாங்குறது ஒரு மாதிரியா இருக்கு."

"எழுத வேணாம். வாய்விட்டுச் சொல்லட்டும். இந்தா, இந்த எடத்துல நின்னு, நாலு பேர் கேக்கச் சொல்லட்டும். எனக்கு அது போதும்."

ஜெயசீலன் சிரித்துக்கொண்டே எழுந்து மேசைக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்பாவையும் அம்மாவையும் உசுரு இருக்கிற வரைக்கும் என்கூட வச்சிருந்து, சோறு போட்டு, வைத்தியம் பாத்து, கண்கலங்காமக் காப்பாத்துவேன். மாதா சத்தியமா."

'கண்கலங்காம' என்கிற இடத்தில் அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. டீக்கடைக் குருவம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் உள்ளே போனார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ரேகை வைத்தார்கள், வீடு கை மாறியது.

மறுநாள் காலை தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தபோது, அவர் காதுக்குப் பக்கத்தில் ஜெயசீலன் சொன்னான்: அப்பாவையும் அம்மாவையும் உசுரு இருக்கிற வரைக்கும். அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு எட்டு பின்னால் வைத்தார், சத்தம் நின்றது. ஒரு எட்டு முன்னால் வைத்தார், முதலிலிருந்து ஆரம்பித்து, உடைய வேண்டிய இடத்தில் உடைந்து, மாதா சத்தியமா என்று முடிந்தது. இப்படி ஐந்து தடவை செய்துபார்த்தார். அன்று இரண்டு கிரயப் பத்திரம் அவசரமாக முடிக்க வேண்டியிருந்ததால் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்.

இரண்டாவது மேசை காதர் மைதீன் முதலில் அதை யாருடைய போனோ அடிக்கிறது என்று நினைத்தார். மூன்றாம் நாளைக்குள் மரத்தடி முழுவதற்கும் தெரிந்துவிட்டது, பத்தாம் நாளைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது, ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, மேலே போகிற வயரை அண்ணாந்து பார்த்து, இது எங்கள் பிரச்சினை இல்லை என்று சொல்லிப் போனார். சார்பதிவாளர் டேப்பை வைத்து அளந்து, மேற்படி குரல் அலுவலகச் சுற்றுச்சுவருக்கு நாலடி வெளியே இருப்பதாகக் கோப்பில் குறித்து, அத்துடன் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டார். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து உள்ளே நின்று முழுசும் கேட்டுவிட்டு, "நல்ல வார்த்தைதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இளவட்டங்கள் போனில் பதிவுசெய்து பார்த்தார்கள். போனில் பேருந்து ஹாரனும் குருவம்மாள் டம்ளர் கழுவுகிற சத்தமும் மட்டும் விழுந்தன.

தொழிலுக்குத்தான் முதலில் இடைஞ்சலாக இருந்தது. மகனுக்கோ மகளுக்கோ எழுதிக் கொடுக்க வருகிற பெரியவர்கள், தெரியாமல் அந்த இடத்தில் காலை வைத்துவிட்டு, வெளியே வந்து, கையிலிருந்த மூலப் பத்திரத்தை மஞ்சப்பையில் திரும்ப வைத்து, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று போனார்கள். மற்ற எழுத்தர்கள் தெய்வசிகாமணியிடம் சண்டைக்கு வந்தார்கள், உன் மேசைக்குப் பக்கத்தில் இருப்பதை நீதான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அவர் அந்த இடத்தில் ஒரு பழைய இரும்பு பீரோவைக் கொண்டுவந்து வைத்தார். பீரோவைத் திறந்தபோதெல்லாம் அதற்குள்ளிருந்து ஜெயசீலன் சத்தியம் செய்தான். பீரோவை எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் காதர் மைதீன், கேட்காமலே, ஒரு செட்டில்மெண்டில் அந்த வரியைச் சேர்த்து அடித்தார். எழுதிக் கொடுத்த கிழவர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். மகனும் ஒன்றும் சொல்லவில்லை, நாலு பேர் கேட்கும்படி குரல் நிற்கிற இடத்தில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அன்றிலிருந்து சாலைக்கோட்டையில் எழுதப்படும் செட்டில்மெண்ட் எல்லாவற்றிலும் அந்த வரி ஏறியது. ஆவணி பிறப்பதற்குள் அதற்கு 'ஜெயசீலன் வரி' என்று பெயரே வந்துவிட்டது. வருகிறவர்கள், "ஜெயசீலன் வரி போட்டாச்சா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் தெய்வசிகாமணி மட்டும் கீபோர்டுப் பக்கம் குனிந்துகொண்டார், ஏனென்றால் ஜெயசீலனுடைய பத்திரத்திலேயே அந்த வரி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஜெயசீலன் அந்தத் தெருப்பக்கம் வருவதை நிறுத்தியிருந்தான். கடை நன்றாக ஓடியது. வங்கி கடைசியில் வீட்டைக் கேட்கவே இல்லை, வாங்குகிற மெஷினையே ஈடாக எடுத்துக்கொண்டது. மெஷின் பெரியது. அதை வீட்டின் முன்னறையில்தான் வைக்க முடிந்தது, முன்னறை பெரியவர்கள் படுக்கிற அறையாக இருந்தது. அவர்கள் மாடியில் ஷீட் போட்ட அறைக்குப் போனார்கள். சூசைமாணிக்கத்துக்கு முட்டிவலி, ஒருநாளைக்கு ஒரு தடவைதான் இறங்க முடிந்தது. மருமகள் லில்லி சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள், மெஷின் ஓடும்போது அந்தக் குரல் மேலே கேட்காது. ஐப்பசியில் ஜெயசீலன், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பத்து நாள் சின்னம்மா வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்று பஸ் ஏற்றிவிட்டான். பதினோராம் நாள் அவர்கள் திரும்பி வந்தபோது கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது, வெள்ளை எங்கும் அடிக்கப்படவில்லை.

ஜெயசீலன் கேட்டுக்கு உள்ளே நின்று, "இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருங்கப்பா, மெஷின் இங்க்கு வாடை உங்களுக்கு ஒத்துக்காது" என்றான். தை மாதம் மறுபடி வந்தபோது அதையே சொன்னான். மூன்றாவது தடவை வெளியே வரவே இல்லை. சின்னம்மாவின் மருமகன், எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்திருந்ததால் அங்கும் திரும்ப முடியவில்லை. பங்குச் சாமியார் கோயில் பின்னால், பந்தல் சாமான் போட்டுவைக்கிற அறையைக் காலிசெய்து கொடுத்தார்.

மறுநாள் காலை மரியபுஷ்பம் வாகை மரத்தடிக்கு வந்தாள். மகன் குரல் அங்கே நிற்கிற கதை அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த வரியை இப்பச் சேத்து எழுத முடியுமா தம்பி?"

"பதிஞ்ச பத்திரத்துல ஒரு புள்ளிகூட வைக்க முடியாதும்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள், பூட்டின் நிறம் வரைக்கும். அவள் அழாமல் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டு அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"பெரியவங்களைப் பாத்துக்காம விட்டா கேக்கறதுக்குன்னு சட்டம் இருக்கும்மா. கோட்டாட்சியர்கிட்ட மனு குடுக்கணும். வக்கீல் வேணாம். பாத்துக்குவான்னு நம்பி எழுதிக் குடுத்து, அவன் பாத்துக்கலைன்னா, அந்தப் பத்திரமே செல்லாதுன்னு சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இருக்கு."

"அப்ப வீடு திரும்பி வந்துரும்?"

"பாத்துக்கணும்ங்கிற பேச்சுலதான் குடுத்தீங்கன்னு காட்டணும். பத்திரத்துல அது இல்ல." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நிபந்தனை இல்லாமன்னு இருக்கு. நான்தான் அடிச்சேன்."

"தெரியும்" என்றாள் மரியபுஷ்பம். "அதான் உங்ககிட்ட வந்தேன்."

மனுவை அவர்தான் எழுதினார். காதர் மைதீன் மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "மனு எழுதுனதோட நிறுத்திக்க. சாட்சின்னு போய் நிக்காத. குடுக்கிறவனைக் கேக்காம வரியை எடுத்தேன்னு உன் வாயாலேயே சொல்லணும் தெரியும்ல? லைசென்ஸ் போயிரும்." தெய்வசிகாமணி மனுவை மடித்து உறையில் போட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, வேறு தொழில் தெரியாது, மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்குக் கோட்டாட்சியர் ஒரு பெண். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், குறைவாகப் பேசுகிறவர். ஜெயசீலன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தை அவன் நீட்ட, அவர் வாசித்தார்.

"நிபந்தனை இல்லைன்னுதான் இருக்கு."

"அன்பா குடுத்தாங்க மேடம். நானும் துரத்தலை. அவங்களாத்தான் போனாங்க."

"மரத்தடியில அவன் சத்தியம் பண்ணினது ஊருக்கே கேக்குதுங்கம்மா" என்றார் சூசைமாணிக்கம். அந்த அறையில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

"அது என் குரல்னு யாரு சொன்னா? மரம் பேசுறதுக்கு நான் பொறுப்பா?"

கோட்டாட்சியர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. அவர் இந்தக் கோட்டத்துக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது, மரத்தடிக் குரலைப் பற்றித் தாசில்தார் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார், ரேஷன் கடைகளையும் கண்மாய் ஆக்கிரமிப்பையும் பற்றிச் சொல்கிற அதே வரிசையில். நேரில் பார்க்கிறேன் என்று எழுந்தார்.

ஜீப் வந்து நின்றபோது மரத்தடியில் கூட்டம் தானாக விலகி வட்டமாக நின்றது. கோட்டாட்சியர் செருப்பைக் கழற்றப் போனார், பிறகு கழற்ற வேண்டியதில்லை என்று நினைத்தவர்போல அப்படியே உள்ளே போய் நின்றார். முழுசும் கேட்டார். வெளியே வந்தார். இன்னொரு தடவை உள்ளே போய்க் கேட்டார். கூட வந்த எழுத்தர் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார்.

"என்னன்னு எழுதட்டும் மேடம்?"

"ஒண்ணும் எழுத வேணாம்" என்றார் கோட்டாட்சியர். "இதைக் கோப்புல ஏத்த முடியாது. யாருன்னு தெரியாத குரலை நான் குறுக்கு விசாரணை பண்ண முடியுமா? எந்தத் தேதியில, யார் யார்கிட்ட, எதுக்காகச் சொன்னாங்கன்னு சொல்ற மனுஷன் வேணும். யாராவது இருக்கீங்களா?"

கூட்டத்தில் எல்லோரும் அந்தக் குரலை நூறு தடவை கேட்டிருந்தார்கள். ஆனால் அது பிறந்த அன்று அங்கே இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குருவம்மாள் வாயைத் திறந்தாள். எதற்காகச் சொன்னான் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, அடுப்புப் பக்கம் இருந்தாள். காதர் மைதீன் குனிந்து மேசை டிராயரில் எதையோ தேடினார். தெய்வசிகாமணி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, எதிரே நின்ற சூசைமாணிக்கத்தின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதற்கென்று அவருக்கே தெரியாமல், தலையை உயர்த்தி முகத்தைப் பார்த்தார். பெரியவர் இவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, மரத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மகன் அங்கே நிற்பதைப்போல.

தெய்வசிகாமணி எழுந்தார்.

"நான் இருந்தேங்கம்மா. முதல்ல எழுதுன நகல்ல அந்த வரி இருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் இவர் போன் பண்ணி எடுக்கச் சொன்னாரு. குடுக்கிறவங்களைக் கேக்காம நான் எடுத்தேன். காலையில இந்தம்மா வாசிச்சுப் பாத்துட்டு, எழுதலைன்னா சொல்லட்டும்னாங்க. அவரு சொன்னாரு. சொன்னதுக்கப்புறம்தான் அந்தம்மா உள்ள போனாங்க. சொல்லலைன்னா அன்னைக்கு அந்தப் பத்திரம் பதிவாகியிருக்காது."

கோட்டாட்சியர் எழுத்தர் பக்கம் திரும்பி, "இதை எழுதுங்க" என்றார்.

ஆணை வர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. பராமரிப்பார் என்கிற வாக்குறுதியின் பேரிலேயே சொத்து கொடுக்கப்பட்டது என்றும், அது நிறைவேறாததால் செட்டில்மெண்ட் செல்லாது என்றும், வீடு மறுபடி சூசைமாணிக்கம் பெயருக்கே வருகிறது என்றும் அதில் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் தெய்வசிகாமணிக்கும் ஒரு ஆணை வந்தது. ஆறு மாதம் பத்திரம் எழுதக் கூடாது. அவர் மேசையைக் காதர் மைதீனிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த மரத்தடியிலேயே ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டு மனு எழுத ஆரம்பித்தார். மனு எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, மனு கொடுக்க வேண்டியவர்களும் சுற்றுப்பட்டு ஊர்களில் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஜெயசீலன் மெஷினோடு பைபாஸ் பக்கம் ஒரு வாடகைக் கடைக்குப் போனான். தீர்ப்பு வந்துவிட்டதால் குரல் போய்விடும் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். அது போகவில்லை. பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஜெயசீலன் பைக்கைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். தெய்வசிகாமணி மட்டும் ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவன் அவரைப் பார்க்காமல் நேராக அந்த இடத்துக்குள் போய் நின்றான். வெளியே இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது, கூடச் சேர்ந்து சொல்கிறவன்போல. ரொம்ப நேரம் நின்றான். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நான் நெசமாத்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றார் தெய்வசிகாமணி. "நான் உன் மூஞ்சியப் பாக்கலை. ஆனா குரலைக் கேட்டேன்."

"அப்புறம் எப்படிண்ணே இப்படி ஆச்சு?"

தெய்வசிகாமணி மோர் டம்ளரை நீட்டினார். அவன் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை அவன் அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதாகவும், மரியபுஷ்பம் கேட்டைத் திறந்து மருந்தை வாங்கிக்கொண்டு, உள்ளே வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனதாகவும் குருவம்மாள் சொன்னாள். அவன் முன்னறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தானாம். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனானாம்.

தெய்வசிகாமணிக்கு லைசென்ஸ் திரும்பி வந்த வாரம், மரியபுஷ்பமும் சூசைமாணிக்கமும் மறுபடி மரத்தடிக்கு வந்தார்கள். அவர் இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டார். என்ன எழுத வேண்டும் என்று, இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உயில்" என்றாள் மரியபுஷ்பம். "வீட்டுக்கு."

"யார் பேருக்கும்மா?"

"வேற யாரு இருக்கா? ஜெயசீலனுக்குத்தான்."

சூசைமாணிக்கம் தலையை ஆட்டினார். தெய்வசிகாமணி தட்டச்சு செய்யத் தொடங்கினார், சர்வே நம்பர், நான்கு எல்லை, கிழக்கே தெரு, மேற்கே சந்தியாகு வீடு. இரண்டாம் பக்கத்தில் கை பழக்கத்தில் ஜெயசீலன் வரிக்கு வந்து நின்றது. விரலை எடுத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"நிபந்தனை எதுவும் போடணுமாம்மா?"

மரியபுஷ்பம் திரையில் அடித்தவரைக்கும் விரலை ஓட்டி வாசித்தாள்.

"உயில்தானே தம்பி. நாங்க போனதுக்கப்புறம் அவன் யாருக்குச் சோறு போடணும்?" என்றாள். "ஒண்ணும் போட வேணாம். சும்மா குடுங்க."